சாயம் தின்னும் தகடு

— ...அதனால, சின்னவளே, சாயங்காலம் மேடை ஏறினதும் மத்த கதையெல்லாம் அப்புறம் வச்சுக்க. முதல்ல இந்தச் சேதியைப் போட்டு உடை. கூட்டம் அசந்து போயிடும்.

— இரு அண்ணா. எந்தச் சேதி? அந்த மோட்டார் சத்தத்துல நீ பேசினது பாதி எனக்கு ஏறவே இல்ல.

— காதுல பஞ்சா வச்சிருக்கே? கூரையில கட்டியிருந்த தார்ப்பாய் அறுந்து, சாயத் தண்ணியைத் தெளிய வைக்கிற உன் தகட்டுத் தொட்டி மேல விழுந்து மூடிக்கிச்சுன்னு சொன்னேனே! போன வாரம் அடிச்ச காத்துல. மேஸ்திரி லீவுல போயிருந்தாரு, வேற எவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. நேத்துதான் இழுத்துப் போட்டோம். உள்ள தண்ணி எப்படி இருந்துச்சுங்கிறே? முகம் பார்த்து தலை சீவலாம்!

— மூடிக் கிடந்தப்பவும் சாயத் தண்ணி உள்ள வந்துக்கிட்டுதான் இருந்துச்சா?

— பின்னே? தார்ப்பாய் விழுந்துச்சுன்னு பட்டறையை நிறுத்துவாங்களா? சிவப்புதான் ஓட்டினோம். இந்தப் பக்கம் ரத்தம் மாதிரி உள்ள போகுது, அந்தப் பக்கம் பச்சத் தண்ணியா வெளிய வருது. பொட்டு வெயில் படாம! வெயில் வேணும், வெயில் வேணும்னு கூரையில பாதியைப் பிரிக்க வச்சியே, உன் தகடு உன்னை விடக் கெட்டிக்காரத் தகடு. விஞ்ஞானியம்மாவுக்குப் பெருமை தாங்கலையாக்கும்.

— துளி வெளிச்சம்கூட உள்ள போகலையா? ஓரத்துல எங்கேயாவது இடைவெளி இருந்துச்சா?

— கருப்புத் தார்ப்பாய்ம்மா. ரெண்டு மடிப்பு. ஈ கூட போக முடியாது.

— அந்த முக்காலியை இப்படித் தள்ளு. நான் உக்காரணும்.

— என்னாச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. காலையில ஏதாவது சாப்பிட்டியா, இல்ல பேச்சை மனப்பாடம் பண்றேன்னு பட்டினியா?

— அது வேலை செய்யக் கூடாது அண்ணா.

— எது?

— தகடு. இருட்டுல அது வேலை செய்யவே கூடாது.

— ஏண்டி, மாடு கூடுதலாப் பால் கறந்தா அழுவாங்களா யாராவது? கதைய விடு.

— நான் சொல்றதைப் பொறுமையாக் கேளு. அந்தத் தகட்டு மேல ரெண்டு பொருளைச் சேர்த்துப் பூசியிருக்கேன். ஒண்ணு கரி. அது சாயத்தை இழுத்துப் பிடிச்சுக்கும். இன்னொண்ணு வெள்ளைப் பொடி. அது மேல வெளிச்சம் பட்டாத்தான் முழிக்கும். முழிச்சதும், கரி பிடிச்சு வச்சிருக்கிற சாயத்தை உடைச்சு ஒண்ணுமில்லாம ஆக்கிடும். பிடிக்கிறவன் ஒருத்தன், உடைக்கிறவன் ஒருத்தன். இருட்டுல உடைக்கிறவன் தூங்கிடுவான்.

— சரி. பிடிக்கிறவன் மட்டும் ஒத்தையா நின்னு பிடிச்சிருக்கான். நல்ல பையன். இதுல என்ன குத்தம் கண்டே?

— ஒத்தையா நின்னே அவன் தண்ணியை இவ்வளவு தெளிய வைக்கிறான்னா, வெயில் அடிச்ச நாள்ல மட்டும் என்ன நடந்துச்சு? உடைக்கிறவன் இந்தத் தொட்டியில ஒரு நாளாவது முழிச்சானா? எனக்குத் தெரியாது அண்ணா. அதை நான் பார்க்கவே இல்ல.

— பார்க்கலையா? குப்பியும் கையுமா மாசக் கணக்குல இங்கேயே குடியிருந்தியே! உன் வீட்டுக்காரர் எனக்கு போன் பண்ணி, பட்டறைக்கே கட்டிக் குடுத்துட்டேனான்னு கேட்டாரு.

— தண்ணியைத்தான் பார்த்தேன். தண்ணியில நிறம் எவ்வளவு இருக்குன்னு. தகட்டைப் பார்க்கல.

— இப்ப என்ன பண்ணணுங்கிறே?

— ஒரு தகட்டைக் கழட்டிக் கொண்டா. கொதிக்கிற தண்ணி கொஞ்சம், ஒரு பிடி சலவைச் சோடா. வெள்ளை வாளியாப் பார்த்து எடு.

— பந்தல் போட்டுக்கிட்டு இருக்காங்க, நாற்காலி வண்டி இன்னும் வரல, வாசல்ல உன் மூஞ்சியைப் போட்ட பேனர் கோணலாத் தொங்குது. இப்ப உனக்குச் சோடாத் தண்ணி... சரி, சரி, முறைக்காதே. போறேன்.

— சீக்கிரம்.

— இந்தா. பார்த்துப் பிடி, வாளிக் காது ஆடுது. தண்ணி கையில பட்டா தோல் உரிஞ்சிடும்.

— தகட்டைக் குடு.

— முக்கு, முக்கு. ஒண்ணும் ஆகப் போறதில்ல பாரு. கருப்புத் தகடு, உள்ள போனாலும் கருப்பாத்தான்... ஐயோ.

— அப்படியே நில்லு. வாளியைத் தள்ளிடாதே.

— ஐயோ, என்னம்மா இது? வெட்டின மாதிரி கொட்டுது!

— உன் சிவப்பு அண்ணா. உள்ள போனது உள்ளபடியே இருக்கு. கொஞ்சம்கூட உடையல.

— மூடிக் கிடந்தப்பப் பிடிச்ச சிவப்பா இருக்கும் இது. நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காதே.

— இந்த ஓரத்தைப் பாரு. என்ன நிறம் வருது?

— நீலம் மாதிரி...

— மாதிரி இல்ல, நீலம். நீலம் எப்ப ஓட்டினே?

— தார்ப்பாய் விழறதுக்கு முன்னால.

— வெயில்லயா?

— மண்டை பிளக்கிற வெயில்ல.

— அந்த வெயில்ல கிடந்த நீலமும் அப்படியே உக்காந்திருக்கு. போதுமா? என் தகடு சாயத்தைத் திங்கவே இல்ல அண்ணா. வாயில அடக்கி வச்சுக்கிட்டு நம்மளைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

— உன் ஆய்வுக்கூடத்துல நானே வந்து பார்த்தேனே! கண்ணெதிர்ல நிறம் போச்சே. அதுவும் பித்தலாட்டமா?

— அது நிஜம். அங்க அதை மூடியும் பார்த்தேன், திறந்தும் பார்த்தேன். கண்ணாடிக் குவளை, நல்ல தண்ணி, இத்தனூண்டு சாயம், தலைக்கு மேல விளக்கு. இங்க துணியில சாயம் ஏறணும்னு நீங்க மூட்டை மூட்டையா உப்பைக் கொட்டுறீங்க. தண்ணி குழம்பா வருது. வெயில் மேலாப்புலயே நின்னுடுது, தகடு வரைக்கும் இறங்கறதே இல்ல. உப்பு வேற அந்தப் பொடியை வேலை செய்ய விடாது.

— அப்ப இங்கயும் ஒரு நாள் மூடிப் பார்த்திருக்கலாமே. நான் படிக்காதவன், தெரியாமக் கேக்கிறேன்.

— நீ கேக்கிறதுதான் சரி. எங்க வேலையில அதுதான் அரிச்சுவடி. ஒரு நாள் மூடி வை, ஒரு நாள் திறந்து வை, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு. அதைச் செய்யாம வந்த ஒரு மாணவியை நான் எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கேன். அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே போச்சு.

— பின்னே ஏன் நீ செய்யல?

— முதல் நாள் தண்ணி தெளிஞ்சு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? குப்பியைத் தூக்கிக்கிட்டு நீ தெருத் தெருவா ஓடினே. பெரியப்பாவை எழுப்பி, கண்ணாடி போட வச்சு, அவர் மூக்குக்கு நேரா ஆட்டினே. ‘என் தங்கச்சி, என் தங்கச்சி’ன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம். அன்னைக்கே எனக்கு மூடிப் பார்க்கணும்னு தோணுச்சு. தார்ப்பாயைக் கையில கூட எடுத்தேன். மறுபடியும் மடிச்சு வச்சுட்டேன்.

— என்னாலயா?

— உன் மேல ஏன் போடறேன்? என் பயம். மூடினா ஏதாவது தெரிஞ்சிடுமோன்னு. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டேன். அப்புறம் பத்திரிகைக்காரங்க வந்தாங்க, எங்க ஆய்வுக்கூட இயக்குநர் கை குடுத்தாரு. அதுக்கப்புறம் மூடிப் பார்க்கிறது என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி ஆயிடுச்சு. வெக்கமா இருக்கு அண்ணா. உடம்பெல்லாம் கூசுது. அந்தப் பொண்ணு இப்ப வந்து நின்னா அது முகத்தை நான் பார்க்க முடியுமா?

— சரி, அழாதே. ஊரு உலகத்துல யாரும் செய்யாத தப்பா? தொடைச்சுக்க. இந்தத் துணி வேணாம், சாயம் இருக்கு. இரு, வேற தரேன்.

— ஒரு நிமிஷம். சாயம் தகட்டுலேயே தங்கியிருந்தா, தகடு என்னைக்கோ நிறைஞ்சு போயிருக்கணுமே. இத்தனை மாசமா எப்படிப் புதுசுபோலப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு?

— என்னைக் கேட்டா?

— கழுவினீங்க இல்ல? வாரா வாரம்?

— நீதானே சொன்னே, பிசுக்கு ஏறிடும், சோடாத் தண்ணியில கழுவுங்கன்னு. மேஸ்திரி அதுல ஒரு வாரம்கூடத் தவற மாட்டாரு. போன வாரம்தான், லீவுல போனதால விட்டுப் போச்சு.

— கழுவின தண்ணி எங்க போச்சு?

— எங்க போகும்... பின்னாடிதான்.

— பின்னாடின்னா?

— வாய்க்கால்ல. படித்துறையில வச்சுத் தேய்ச்சுட்டு அப்படியே அலசி எடுத்துடுவாரு. வெள்ளிக்கிழமை காலையில.

— நீ பார்த்திருக்கியா?

— பார்த்திருக்கேன்.

— தண்ணி என்ன நிறத்துல இருந்துச்சு?

— கொஞ்சம் நிறம் விடும். புதுத் துணியை முதல் தடவை நனைச்சா விடுமே, அந்த மாதிரின்னு...

— கொஞ்சமா அண்ணா?

— ...கொஞ்சம் ஜாஸ்தியாத்தான்.

— என்னைப் பார்த்துச் சொல்லு.

— இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் சிவந்து போகும். போதுமா? என் கண்ணு பார்த்துச்சும்மா, மனசுதான் பார்க்க விடல. பரம்பரைச் சாயக்காரன் நான், சாயம் எது பிசுக்கு எதுன்னு தெரியாமலா இருப்பேன்? ஆனா உன் படம் பத்திரிகையில வந்திருக்கு, அதை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன். அதுக்குக் கீழ நின்னுக்கிட்டு நான் என்னன்னு உன்கிட்ட வந்து சொல்லுவேன்?

— அப்ப நாம ஒரு சாயத்தையும் ஒழிக்கல. வாரம் பூரா சேர்த்து வச்சு, ஒரே காலையில கொட்டியிருக்கோம்.

— சத்தத்தைக் குறை. வெளியில பந்தல்காரங்க நிக்கிறாங்க. நான் ஒரு வழி சொல்றேன். விழா நடக்கட்டும். மாலையை வாங்கிக்க, நாலு வார்த்தை பேசு, இறங்கிடு. அப்புறம் மெள்ளமா உக்காந்து, உப்பு, வெளிச்சம் எல்லாத்தையும் சரி பண்ணு. யாருக்குத் தெரியப் போகுது?

— சாயங்காலம் யாரெல்லாம் வர்றாங்க?

— எல்லாப் பட்டறைக்காரங்களும்தான்.

— எதுக்கு வர்றாங்க? மாலை போடவா? பழைய சுண்ணாம்புத் தொட்டியை இடிச்சுட்டு என் தகட்டைப் போடறதுக்கு. நீ இடிச்ச மாதிரி.

— அது நாத்தம் பிடிச்ச தொட்டி.

— நாத்தம் பிடிச்சதுதான். ஆனா பாதிச் சாயத்தையாவது சேறா அடியில தங்க வச்சுது. அள்ளிக் கொண்டு போய்ப் பத்திரமாப் போட முடிஞ்சுது. அதை இடிக்கச் சொன்னது நான். கடப்பாரையை உன் கையில குடுத்ததே நான்தான்.

— அதுக்கு? மேடையில ஏறி, ‘நான் சொன்னதெல்லாம் பொய், எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போங்க’ன்னு சொல்லப் போறியா?

— ஆமா.

— உன் இயக்குநர் எதிர்லயே உக்காந்திருப்பாரு.

— தெரியும்.

— உன்னை அந்த ஆய்வுக்கூட வாசப்படியை மிதிக்க விட மாட்டாங்க. எனக்குப் பட்டறையில பூட்டு விழும். என்னை நம்பி இங்க எத்தனை வீட்டு அடுப்பு எரியுது தெரியுமா? உன் மனசு சுத்தமாகறதுக்கு எல்லார் அடிமடியிலயும் கை வைக்கிறே.

— வாய்க்கால் தெருவுலயும் அடுப்பு இருக்கு. அந்தத் தண்ணியைத்தான் அடுப்புல ஏத்துறாங்க.

— அவங்க சந்தோஷமாத்தான் இருக்காங்க! அந்தத் தெருத் தையல்காரம்மாவையே எடுத்துக்க. போன வருஷம் தெருவையே திரட்டிக்கிட்டு வந்து, நம்ம கேட்டுக்கு முன்னால குடத்தைக் கவுத்து வச்சு உக்காந்தாங்களே. போலீஸ் வந்தும் அசையல. உன் தகடு வந்ததுக்கப்புறம் ஒரு நாள் வாயைத் திறந்திருப்பாங்களா?

— அதுதான் என்னை அறுக்குது. யார் சொல்லியும் எழுந்திருக்காதவங்க நான் சொல்லி எழுந்தாங்க. ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன், இனிமே சாயம் வராதும்மா, என் பொறுப்புன்னு. எவ்வளவு தைரியம் எனக்கு.

— யாருங்க வாசல்ல? நாற்காலி வண்டியா? ...அட, இது என்ன, பேச்சை எடுத்ததும் ஆளே வந்து நிக்குது. தையல்காரம்மா! வாங்க, வாங்க, உள்ள வாங்க. சின்னவளே, வாளியை அந்த மூலைக்குத் தள்ளு. காலாலயாவது தள்ளு.

— தள்ள மாட்டேன்.

— வணக்கங்க. விழா வேலையில இருப்பீங்க. நேரங்கெட்ட நேரத்துல வந்துட்டேனுங்களா?

— அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. உங்களுக்கு முதல் வரிசையில நாற்காலி சொல்லியிருக்கேன். மேடையில உங்களை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லலாம்னுகூட...

— எனக்கு எதுக்குங்க மேடையெல்லாம். மிஷின்ல உக்காந்தாத்தான் எனக்கு வாய் ஓடும். தங்கச்சிகிட்டதான் ஒரு வார்த்தை பேசணும்னு வந்தேன். சாயங்காலம்னா பெரியவங்க சூழ்ந்துக்குவாங்க, நாங்க கிட்ட வர முடியாது பாருங்க.

— நானும் உங்ககிட்ட பேசணும்மா. நான் முதல்ல பேசிடறேன். நீங்க வாயைத் திறந்து நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்புறம் என்னால முடியாது.

— சின்னவளே, வேணாம். அம்மா, அவ ராத்திரி தூங்கல, அதான்...

— நீ குறுக்கே வராதே அண்ணா. அம்மா, இந்த வாளியைப் பாருங்க.

— பார்த்தேங்க. வரும்போதே பார்த்தேன்.

— இது அந்தத் தகட்டுல இருந்து வந்தது. சாயத்தை அது அழிச்சிடும்னு உங்ககிட்ட சொன்னேன். அழிக்கல. பிடிச்சு வச்சுக்கிட்டு, கழுவும்போது மொத்தமா விடுது. கழுவினது உங்க வாய்க்கால்ல. நீங்க எடுக்கிற தண்ணியில. சோதிச்சுப் பார்க்க வேண்டியதை நான் சோதிக்கல. தெரியாம இல்ல, பயந்துக்கிட்டு. பேர் கெட்டுடும்னு. உங்க கையைப் பிடிச்சுச் சொன்ன வாக்கை நான் காப்பாத்தல. சாயங்காலம் எல்லார் முன்னாடியும் சொல்லத்தான் போறேன், ஆனா உங்ககிட்ட முதல்ல சொல்லணும். என்னை என்ன வேணா கேளுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேளுங்க. நான் நிக்கிறேன்.

— அழாதீங்கம்மா. முகத்துல சாயத்தை இழுவிக்கிறீங்க பாருங்க.

— திட்டுங்கம்மா.

— எதுக்குங்க திட்டணும்? வெள்ளிக்கிழமை விடிஞ்சா சிவப்பா வரும். சில வாரம் நீலம். பொழுது சாயறதுக்குள்ள வெளுத்துடும், மறுநாள் தெளிஞ்சிடும். எங்க தெருவுல பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. முந்தின நாளே குடம், தவலை, பக்கெட்டு எல்லாத்துலயும் பிடிச்சு வச்சுக்குவோம். தைக்க வந்த வெள்ளைத் துணியை நான் அன்னைக்கு நனைக்கவே மாட்டேன். ஒரு தடவை தெரியாம நனைச்சு, ஒரு சட்டை பாழாச்சு. அதோட சரி.

— தெரியுமா? அப்பவே தெரியுமா?

— முதல் மாசத்துல இருந்தே தெரியுங்க.

— தெரிஞ்சும் ஏம்மா வந்து கேக்கல? கேட்டுக்கு முன்னால உக்காந்தவங்கதானே நீங்க?

— உக்காந்தோம். அப்ப தினம் தினம் வந்துச்சு. இப்ப வாரத்துக்கு ஒரு நாள்தானே. அதையும் கேக்கப் போய், இருக்கிறதும் போயிட்டா? அதுவும் இல்லாம, நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க. போய்க் கேட்டா அந்தப் பொண்ணு மனசு நொந்து போயிடும், பாவம், விடுங்கன்னு நான்தான் தெருவுல சொல்லி வச்சேன்.

— என் மனசா... என் மனசு நோகும்னா அம்மா?

— பெத்த பொண்ணு மாதிரி இருக்கீங்க, வேற என்ன சொல்ல.

— அப்ப... நீங்க நன்றி சொல்ல வரலைங்களா?

— நன்றி இல்லாம இல்லைங்க முதலாளி. ஆனா வந்தது வேற விஷயம். போன வெள்ளிக்கிழமை வாய்க்கால்ல நிறம் வரவே இல்ல. அப்ப இந்த வெள்ளிக்கிழமை ரெண்டு மடங்காச் சேர்த்து வருமோன்னு எனக்குப் பயமா இருக்குங்க. அன்னைக்குத்தான் என் பொண்ணுக்குக் கல்யாணம். வீடு நிறைய ஆளு, சமைக்கணும், குளிக்கணும். இந்த ஒரு வாரம் மட்டும் அந்தக் கழுவுற வேலையை மறுநாளுக்குத் தள்ளி வச்சுக்குவீங்களான்னு கேட்டுட்டுப் போகலாம்னுதாம்மா வந்தேன்.